பொட்டு வைத்த குழாய்

பெருச்சாளி அன்று காலை நாற்பத்தாறு மீட்டர் தள்ளி இருந்தது.

பெருச்சாளி என்றால் நிஜப் பெருச்சாளி இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் தொடங்கி, ஆற்றுக்கு அடியில் புகுந்து, பாளையங்கோட்டையைக் கடந்து, ஊருக்கு வெளியே மேலேறி வாகைக்குளம் விமான நிலையம் வரைக்கும் போகப்போகிற ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரம். கம்பெனி அதற்கு ஒரு நதியின் பெயரைச் சூட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்துத்தான் குழிக்குள் இறக்கியது. இறக்கிய மறுநாளே வேலைக்காரர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். வீடுகளுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு போவதை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நாளொன்றுக்கு ஒன்பது மீட்டர் அதன் வேகம். கணேஷ்ராமின் வேலை அதற்கு முன்னால் போவது. இயந்திரம் ஒரு வீட்டை ஐம்பது மீட்டர் நெருங்கியதும் அந்த வீட்டின் கோப்பை எடுத்துக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே எத்தனை விரிசல், அஸ்திவாரம் கல்லா கான்கிரீட்டா, கிணறு உண்டா. எல்லாம் போன வருடமே வீடு வீடாகப் போய் எழுதியது. எழுதியவனும் அவன்தான்.

மார்கழி மாதம். எங்கோ கோயில் ஒலிபெருக்கி பாடி ஓய்ந்திருந்தது. தகரக் கொட்டகை அலுவலகத்தில் தேநீர் ஆறி ஆடை படர்ந்திருந்தது. அவன் இருபத்தேழாம் எண் கோப்பைத் திறந்தான்.

ஓட்டு வீடு, முன்பக்கம் மட்டும் கான்கிரீட். பின்கட்டில் பிற்காலத்தில் கட்டிய ஓர் அறை. விரிசல் நான்கு. புகைப்படங்கள் இருபத்திரண்டு. பதினேழாவது படத்தில் அவன் விரல் நின்றது.

வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்து. அறையின் சுவரை ஒட்டித் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு நாலு அங்குலக் குழாய். வாயில் கம்பி வலை. படத்துக்குக் கீழே அவன் கையெழுத்தில், 'செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்.'

குழாயின் வயிற்றில் மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சளின் நடுவே குங்குமம். வலைமேல் வாடிய செவ்வரளி ஒன்று.

பதினாலாம் பத்தியைப் பார்த்தான். 'கிணறு, மூடிய கிணறு, ஆழ்துளைக் கிணறு உண்டா?' அவன் எழுதியிருந்தது: 'இல்லை.'

தேதி நவம்பர் பன்னிரண்டு. அந்தத் தேதியை அவன் கணக்குப் போட வேண்டியதில்லை. மனைவி மதுமதிக்குப் பதினாறாம் நாள் விசேஷம் நவம்பர் பதினொன்று. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். வீட்டில் இருந்து என்ன செய்ய? அன்று ஒன்பது வீடுகள் பார்த்திருக்கிறான். ஒன்பது கோப்புகளையும் எடுத்து மேசையில் பரப்பினான். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒன்பதிலும் பதினாலாம் பத்தியில் 'இல்லை.'

அந்த நாளிலிருந்து நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். ஓர் எவர்சில்வர் டம்ளர். அதன் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. யார் வீட்டு டம்ளர், யார் கொடுத்தார்கள், எதுவும் தெரியவில்லை.

அடுத்த மேசையில் ஜீஷான் இருந்தான். சுரங்கத்துக்கு மேலே நிலம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று கண்காணிக்கிற பிரிவுக்கு அவன் பொறுப்பு. மேலப்பாளையத்துக்காரன். இருவரும் ஒரே கல்லூரி.

"ஜீஷான், இதப் பாரு."

"செப்டிக் டேங்க் குழாய். நீதானலே எழுதிருக்க."

"பொட்டு."

ஜீஷான் படத்தை நோக்கிக் குனிந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தான்.

"ஏலே, தெரியாமத்தான் கேக்கேன். உங்க ஆள்க செப்டிக் டேங்குக்கும் பொட்டு வப்பியளா?"

"வைக்க மாட்டோம்."

"பொறவு?"

"கிணறு. கிணத்தத் தூர்த்தா வம்சம் தூர்ந்துபோகும்னு ஒரு பேச்சு. தூர்க்காம மேல கல்லப் பரத்தி மூடிருவாங்க. அது மூச்சு விடணும்னு ஒரு குழாய விட்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பொட்டு வப்பாங்க."

"அதுக்கு மேல?"

"ரூம் கட்டிருக்காங்க."

இருவருக்கும் விளக்கம் தேவையில்லை. பாளையங்கோட்டைப் பழைய கிணறுகள் செம்மண்ணைத் தாண்டி, சுக்கான்கல்லைத் தாண்டி, பாறைவரை போகும். சுரங்கத்தின் உச்சியும் அங்கே அதே ஆழம். பெருச்சாளி தன் முன்னால் சேற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டு வருகிறது. நடுவில் ஓட்டைபோல ஒரு கிணறு இருந்தால் சேறு அதன் வழியாக மேலே பீய்ச்சும். இல்லாவிட்டால் கிணற்றுச் சுவர் சரியும். அறை கீழே இறங்கும். இரண்டில் எது முந்தும் என்பதுதான் தெரியாது.

"போய்ப் பாரு. இருந்தா எத்தன அடின்னு அளந்துட்டு வா. வேகத்தக் குறைக்கணும்னா மத்தியானத்துக்குள்ள காரணம் எழுதிக் குடுக்கணும்" என்றான் ஜீஷான். கணேஷ்ராம் வாசலுக்குப் போனபிறகு கூப்பிட்டான். "அந்த வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தமாக, முழுப்பெயராக. நமச்சிவாயம்.

"அப்பஞ் சரி. நீ ஒண்ணும் பயப்படாத."

அவனுக்குப் பயமாக இல்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நமச்சிவாயம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, கையில் செய்தித்தாள். கதவைத் திறந்தவுடன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைத்தான் படித்தார்.

"என்ன தம்பி, உங்க ரயிலு எங்க வீட்டுக்கு வந்துட்டா?"

"அஞ்சு நாள்ல வரும் அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும். பின்னால ரூமுக்குக் கீழ கிணறு இருக்கா?"

கண்ணிமைக்கிற நேரம் அவர் செய்தித்தாள் மடங்கிய இடத்தைப் பார்த்தார்.

"கிணறா? எங்கன? அதெல்லாம் கிடையாது. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சே."

"சந்துல ஒரு குழாய் இருக்கு."

"அது செப்டிக் டேங்க்."

"பொட்டு வச்சிருக்கு அண்ணாச்சி."

"பொம்பளைய எதுக்கெல்லாம் வைக்காளுவோ, யாரு கண்டா?" என்று இழுத்தார்.

உள்ளே இருந்து அவர் மனைவி அன்னத்தாய் வந்தார். அறுபது வயதிருக்கும். போன வருடம் மே வரை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கணேஷ்ராமை ஏறிட்டுப் பார்த்தார்.

"வாங்க தம்பி. மெலிஞ்சிட்டியளே. கிணத்தப் பத்தி நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

நமச்சிவாயம் திரும்பினார். "என்ன சொன்ன?"

"இருக்கதச் சொன்னேன். பின்கட்டு ரூமுக்குக் கீழ கிணறு, தூர்க்கல, கல்லப் போட்டு மூடித்தான் வச்சிருக்குன்னு அடுப்படி வாசல்ல நின்னு சொன்னேன். நீங்க குளிச்சிட்டு இருந்திய."

"சொல்லாதன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லலையா? வீட்டுக்குக் கீழ பள்ளம் இருக்குன்னு தெரிஞ்சா வீட்டயே எடுத்துக்குவான்னு வக்கீல் சொன்னாரா இல்லையா?"

"வக்கீல் சொன்னாரு. முப்பது வருசம் பிள்ளைகள்ட்ட பொய் சொல்லாதன்னு சொல்லிட்டு, வாசல்ல வந்து கேக்கவர்ட்ட நான் பொய் சொல்லணுமாக்கும்!"

"அப்பம் நான் எதுல கையெழுத்துப் போட்டேன்?"

"வாசிக்காமயா போட்டிய? ஊர்ப் பத்திரத்தையெல்லாம் வரிக்கு வரி வாசிச்சவுக!"

"வாசிச்சேன்" என்றார் நமச்சிவாயம், குரல் இறங்கி. "இல்லைன்னு இருந்துது. நல்லதாப் போச்சுன்னு போட்டேன்."

கணேஷ்ராம் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்படி வாசல் கூடத்திலிருந்தே தெரிந்தது. அங்கே ஒரு பெண்மணி நின்று சொல்ல, எதிரே ஒருவன் தலையாட்டிக்கொண்டு 'இல்லை' என்று எழுதுகிறான். அந்த ஒருவனின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"சரிம்மான்னிய. தண்ணி கேட்டிய. குடிச்சிய."

தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான். வலையைக் கழற்றி, அளவு நாடாவின் நுனியில் குண்டைக் கட்டிக் குழாய்க்குள் பைய இறக்கினான். கணவனும் மனைவியும் இரண்டு பக்கம் நின்றார்கள். பத்தொன்பது அடியில் சளக்கென்று சத்தம் கேட்டது. ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர். குண்டு இறங்கிக்கொண்டே போனது. ஐம்பத்தோரு அடியில் தரை தட்டியது.

சுரங்கத்தின் உச்சி அந்த இடத்தில் ஐம்பத்து நாலு அடி.

ஜன்னல் திறந்தது. நமச்சிவாயத்தின் மகள் சித்ரலேகா. எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அவளுக்கு ஒதுக்கியிருந்தது அந்த அறைதான்.

"அப்பா, என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்லட்டி. நீ போய்ப் படு."

"தண்ணிச் சத்தம்லா கேக்கு?"

அவள் கணேஷ்ராமின் கையிலிருந்த ஈர நாடாவைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"நான் காலேஜ்ல இருக்கும்போது கிணத்தத் தூர்த்தாச்சுன்னு போன்ல சொன்னிய."

"மூடியாச்சுன்னு சொன்னேன்" என்றார் நமச்சிவாயம்.

"அப்போ நான் மூணு வாரமா ஐம்பது அடிக் கிணத்து மேல கட்டிலப் போட்டுப் படுத்திருக்கேன்! குளுகுளுன்னு இருக்கு, ஏசி வேண்டாம்னு சொன்னியளே, இதானா?"

அன்னத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நமச்சிவாயம் சிரிக்கவில்லை.

கணேஷ்ராம் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அறையைக் காலி செய்ய வேண்டும். தரையை உடைத்து ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டும். அடியிலிருந்து மேல்வரை கான்கிரீட் ஊற்ற வேண்டும். அது இறுக இரண்டு நாள் ஆகும். ஆகவே நாளைக்கே தொடங்க வேண்டும்.

"தூர்க்கணும்ங்கிறிய" என்றார் நமச்சிவாயம்.

"ஆமா."

"அது மட்டும் முடியாது."

"அண்ணாச்சி..."

"நீரு படிச்ச பிள்ளை, சிரிப்பீரு. சிரியும். எங்க பாட்டையா வெட்டுன கிணறு அது. ரூம் கட்டணும்னு மேல கல்லப் போட்டேன். அதுக்கே ரெண்டு பிள்ளை தங்கலவே. ரெண்டு! மூச்சுக் குழாய வச்சு, பொட்ட வச்சு, வெள்ளிக்கிழமை தவறாம விளக்கக் காட்டி, இப்பத்தான் ஒண்ணு எட்டு மாசம் வந்திருக்கு. இந்த நேரத்துல வாயில மண்ணப் போட்டு மூடச் சொல்லுதீரு. உம்ம ரயில வேணும்னா சுத்திப் போகச் சொல்லும்."

"சுத்திப் போகாது."

"பிறக்கிறவரைக்கும் நிக்கச் சொல்லும்."

"நின்னா மண்ணு பிடிச்சிரும். பொறவு கிளம்பாது."

"உமக்கு உம்ம மெஷின் பெருசு. எனக்கு என் பிள்ளை பெருசு. கிணத்த மூடுன வீட்ல என்ன நடக்கும்னு உமக்குத் தெரியாதுவே."

கணேஷ்ராம் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஈரம் விரல்களில் ஒட்டியது. அவன் குரலை உயர்த்தவில்லை.

"நான் எந்தக் கிணத்தையும் மூடல, அண்ணாச்சி."

நமச்சிவாயத்துக்கு முதலில் புரியவில்லை. அன்னத்தாய் கணவனைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். அந்தப் பையன்தான், நான் சொன்னேனே என்பது போல. நமச்சிவாயம் சந்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து சித்ரலேகாதான் பேசினாள்.

"தூருங்கப்பா. பிள்ள பிறந்து தவழும்போது கீழ கிணறு இருக்கணுமா? நாளைக்கேன்னா நாளைக்கே. எனக்குப் படுக்க வேற இடம் பாருங்க."

இடம் என்றதும் அடுத்த சண்டை. கம்பெனி ஏற்பாடு செய்வது ஜங்ஷனில் ஒரு லாட்ஜ். அறைக்கு வெந்நீர், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் உண்டு.

"ஆத்துக்கு அந்தப் பக்கமா?" என்றார் அன்னத்தாய். சற்று முன்புவரை கணவனை மடக்கிய அதே கணக்கு டீச்சர். "எட்டு மாசக்காரிய ஆத்தத் தாண்டிக் கூட்டிட்டுப் போகச் சொல்லுதியளா தம்பி? என் கட்டை வேகுற வரைக்கும் நடக்காது."

"பாலத்துலதானம்மா போவோம். ஆட்டோவுல."

"பாலத்துக்குக் கீழ என்ன ஓடுது?"

அவனுக்கு வாதாடத் தோன்றவில்லை. யோசிக்காமலே வாயில் வந்தது.

"என் வீடு பெருமாள்புரத்துல இருக்கு. ஆத்துக்கு இந்தப் பக்கம்தான். ரெண்டு ரூம். நான் ஹால்லதான் படுக்கேன். ரூம் சும்மா கிடக்கு."

சொன்ன பிறகுதான் அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று நினைத்தான். அலமாரி. கட்டிலில் மடித்து வைத்த சேலைகள். பதினாலு மாதமாக பெருக்குவதற்குக்கூட அந்தக் கதவை அவன் திறக்கவில்லை.

அன்னத்தாய் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வேண்டாம் தம்பி. தப்பா நினைக்காதிய. பிள்ளத்தாச்சி."

"இல்லம்மா. புரியுது."

அவனுக்கு வருத்தம் இல்லை. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அப்படி இருந்ததே அவனைக் களைப்பாக்கியது. கடைசியில் சமாதானபுரத்தில் அன்னத்தாயின் தம்பி வீடு என்று முடிவாயிற்று.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. ஜீஷான் படிவத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"அம்பத்தொண்ணா? அல்லாவே. மூணு அடிதான் மிச்சம். சரி, வேகத்தக் குறைக்கச் சொல்லியாச்சு. காரணம்ங்கிற இடத்த மட்டும் நிரப்பு. 'வீட்டு உரிமையாளர் மூடிய கிணற்றை மறைத்தார்.' ஒரு வரி. முடிஞ்சுது."

"அவங்க மறைக்கல."

"கையெழுத்துப் போட்டிருக்காருலே."

"அந்தம்மா சொல்லிருக்காங்க. நான்தான் எழுதல." நமச்சிவாயம் கையெழுத்துப் போட்ட கதையையும் சொன்னான்.

ஜீஷான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இங்க பாரு மாப்ள. அன்னைக்கு நீ இருந்த இருப்பு எனக்குத் தெரியும். உன்ன வேலைக்கு வராதன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. ஆனா பேப்பர்ல அதெல்லாம் ஏறாது. பேப்பர்ல ஏறுறது, கணேஷ்ராம் கிணத்த விட்டுட்டான். அவ்வளவுதான். ஒன்பது வீட்ட வேற ஒரே நாள்ல எழுதியிருக்க. வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"மறைச்சாங்கன்னு எழுதினா?"

ஜீஷான் ஜன்னலைப் பார்த்தான். இருவருக்கும் ஒப்பந்தம் தெரியும். உரிமையாளர் மறைத்த கிணறு என்றால் அந்த அறைக்குக் கம்பெனி பொறுப்பில்லை. தரையை உடைப்பார்கள், கிணற்றை நிரப்புவார்கள், அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். நாளைக்குச் சுவர் பிளந்தாலும் கேட்க முடியாது. பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு சித்ரலேகா வந்து படுக்க வேண்டிய அறை.

"அவருந்தான ஒத்துக்கிட்டாரு, இல்லைன்னு பாத்துட்டு நல்லதாப் போச்சுன்னு போட்டேன்னு" என்றான் ஜீஷான். அவன் குரலில் அழுத்தம் இல்லை.

"நான் 'உண்டு'ன்னு எழுதியிருந்தா போட்டிருக்க மாட்டாரு. சண்ட போட்டிருப்பாரு. அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

கணேஷ்ராம் பேனாவை எடுத்தான். 'நவம்பர் 12 அன்று கேட்டேன். வீட்டார் சொன்னார்கள். நான் எழுதவில்லை. அன்று நான் பார்த்த மற்ற எட்டு வீடுகளையும் நாளை மறுநாள் மாலைக்குள் மறுபடி பார்க்கிறேன்.' கையெழுத்துப் போட்டான்.

ஜீஷான் வாசித்தான். "வீட்டுப்பாடமாலே எழுதுத? இன்னும் ரெண்டு வரி சேத்து எழுது. மனைவி இறந்த... அப்படின்னு..."

"வேண்டாம்."

"சவத்த மூதி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீஷான் தாளை எடுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் கணேஷ்ராமின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான்.

மறுநாள் தரை ஓடுகளைப் பெயர்த்து, ஒரு கல்லைத் தூக்கியதும் அறைக்குள் பாசி வாடை எழுந்தது. பன்னிரண்டு வருடம் வெளிச்சம் படாத தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அன்னத்தாய் கயிற்றில் ஒரு குடத்தைக் கட்டி இறக்கி, கடைசித் தண்ணீரை எடுத்து ஓரமாக வைத்தார். மஞ்சளும் குங்குமமும் தூவி, ஒரு படி பால் ஊற்றினார். நமச்சிவாயம் சட்டையில்லாமல் நின்று, குழியைப் பார்த்துக் கும்பிட்டார். உதடுகள் அசைந்தன. மன்னிப்புக் கேட்டாரோ, என்ன கேட்டாரோ. பிறகு அவரே கான்கிரீட் குழாயைப் பிடித்திருந்தவனைப் பார்த்து, "ஊத்துங்கப்பா" என்றார்.

பன்னிரண்டு லாரி பிடித்தது.

கணேஷ்ராம் அன்றும் மறுநாளும் மற்ற எட்டு வீடுகளுக்குப் போனான். கதவைத் தட்டிக் கேட்டான். இரண்டு முறை கேட்டான். ஏழு வீடுகளில் இல்லை. ஒரு வீட்டில் வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்று, மேலே அம்மி. அதையும் அடைத்தார்கள். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஓலை வந்தது. பத்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்; அதுவரை இருபத்தேழாம் எண் வீட்டின் அளவுகளை மட்டும் எடுத்தால் போதும்.

ஏழாம் நாள் காலை பெருச்சாளி வீட்டுக்கு அடியில் வந்தது.

காலி வீடு. பின்கட்டு அறையின் நடுவில் புதுக் கான்கிரீட் சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது. கணேஷ்ராம் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து மணியிலிருந்து ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை, சுவரில் பதித்த நான்கு புள்ளிகளையும் கருவியில் பார்த்து எழுத வேண்டும். அவன் வந்தபோதே தரை உறுமிக்கொண்டிருந்தது. பூனை மடியில் படுத்துக் குர்குர்ரென்பதுபோல ஓர் ஓயாத முனகல். ஜன்னல் கம்பிகள் லேசாக அதிர்ந்தன. பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. ஒன்று.

ஒன்பதே முக்காலுக்கு அன்னத்தாய் வந்தார். கையில் தூக்குவாளி.

"யாரும் வரக்கூடாதும்மா."

"என் வீடுதான தம்பி. அவுகளுக்கு அங்கன இருப்புக் கொள்ளல. சாமி ரூம்லயே இருக்காக. போய்ப் பாத்துட்டு வான்னு தொல்ல. என்ன ஆச்சு?"

"ஒரு மில்லிமீட்டர். இப்போ கீழதான் போகுது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்தி நின்று பார்த்தார். உறுமல் காலில் ஏறியிருக்க வேண்டும். "ஏயப்பா" என்றார். பிறகு வாசலோரம் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். போகச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

பத்து மணிக்கு அளவு பார்த்தான். இரண்டு. பத்து மில்லிமீட்டரைத் தாண்டும் வரைக்கும் அறைக்கு ஆபத்தில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முனகல் வாகைக்குளம் திசைக்கு நகர்ந்தது. பத்து ஐம்பதுக்கு மறுபடி பார்த்தான். இரண்டுதான். நான்கு புள்ளியிலும் இரண்டுக்கு மேல் இல்லை.

"கிணத்தத் தாண்டிட்டு" என்றான்.

அன்னத்தாய் கண்களை மூடித் திறந்தார். அவ்வளவுதான். கைப்பேசியில் கணவனைக் கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகல. சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். அடுப்படிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் டம்ளர் இருந்தது. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர்.

"அந்தக் கிணத்துத் தண்ணியா?"

"சேச்சே. குழாய்த் தண்ணி. அந்தக் குடம் பேத்திக்கோ பேரனுக்கோ, தலைக்கு ஒரு கை தொட்டு வைக்க." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "மதுமதிக்குத் திவசம் ஐப்பசியிலதான முடிஞ்சிருக்கும்?"

அவன் டம்ளரை இறக்கினான்.

"பேரு எப்படித் தெரியும்?"

"நீங்கதான சொன்னிய. அன்னைக்கு."

"நான் பேசினேனா?"

"பேசினியளே. நான் கிணத்தப் பத்திச் சொல்லி முடிச்சேன். சரிம்மான்னிய. தண்ணி குடிச்சிய. பொறவு அங்கனயே நின்னு ஒரு கால் மணி நேரம் பேசினிய."

அவன் அந்தக் கால் மணி நேரத்தைத் தேடினான். டம்ளரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன சொன்னேன்?"

"அவ போன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சு, சார்ஜர எங்க வச்சான்னு தெரியலன்னிய. வீடெல்லாம் தேடிட்டேன்னிய. அதயே மூணு தடவ சொன்னிய. பொறவு காய்ச்சல் வந்த அன்னைக்கு..."

நிறுத்தினார். அவன் முகத்தைப் பார்த்து, மேலே சொல்லலாமா என்று கேட்பது போல இருந்தார்.

அடுத்த அளவு பதினொன்று நாற்பதுக்கு. இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கணேஷ்ராம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தான்.

"சொல்லுங்கம்மா" என்றான்.